வானூர் வட்டத்தில் வீட்டுச் சீரமைப்பும் கிரய மதிப்பும்

விற்பதற்கென்று ஒரு வீட்டைச் செப்பனிடுகிறவர், தாம் போடும் பணத்தில் எவ்வளவு கிரயத் தொகையில் திரும்பி வரும், எவ்வளவு வராமலே போகும் என்பதை முன்கூட்டியே நிதானித்துக்கொள்ள வழியுண்டா என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். ரிசர்வ் வங்கி நியமித்த குடும்ப நிதிக் குழு 2017-இல் அளித்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவிகிதம் நிலமும் கட்டடமுமாகவே இருக்கிறது. ஆகவே, ஒரு வீட்டில் தவறான இடத்தில் கொட்டப்பட்ட 5 லட்ச ரூபாய் என்பது, ஒரு பெண்ணின் படிப்பாகவோ, ஒரு முதியவரின் வைத்தியச் செலவாகவோ ஆகியிருக்கக் கூடிய பணம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே இவ்விஷயத்தை அணுக வேண்டும்.

இதற்கு வானூர் வட்டத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிடக்கும் இந்த ஒரே வட்டத்துக்குள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வீட்டுச் சந்தைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கோட்டக்குப்பம், பட்டானூர், திருச்சிற்றம்பலம், மொரட்டாண்டி என்று புதுச்சேரியின் எல்லையை ஒட்டி வரும் ஊர்களில், அந்த நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு தமிழ்நாட்டு மண்ணில் குடியிருக்க விரும்புகிறவர்கள் வீடு தேடுகிறார்கள். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை, பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களிலோ, 1968 பிப்ரவரி 28-இல் தோற்றுவிக்கப்பட்ட ஆரோவில்லின் நிழல் விழுகிறது. அங்கே வாங்க வருகிறவர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவராகவும், வாரக் கடைசியில் மட்டும் தங்குகிறவராகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் தாண்டி உள்ளே போனால், வானூர், கிளியனூர், கல்மரங்களுக்குப் பேர்பெற்ற திருவக்கரை என்று, வீடு என்பது விற்பனைக்குரிய பண்டமாகவே பெரும்பாலும் கருதப்படாத பூர்வீகக் கிராமங்கள் இருக்கின்றன. ஒரு சமையலறையின் மேல் செலவழித்த அதே 3 லட்ச ரூபாய் இம்மூன்று இடங்களில் மூன்று விதமாக விளையும் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிடத் தக்க பிரதேசம் கிடைப்பது அரிது.

முதலில் அடிப்படையான ஓர் உண்மையை நிலைநாட்டிக்கொள்வோம். நாம் வீட்டின் விலை ஏறிவிட்டது என்று சொல்லும்போது ஏறியிருப்பது பெரும்பாலும் மனையின் விலையே. கட்டடமோ கட்டி முடித்த நாளிலிருந்து தேய்ந்துகொண்டுதான் வருகிறது. மதிப்பீட்டாளர்கள் ஒரு கான்கிரீட் கட்டடத்துக்கு 60 முதல் 80 ஆண்டு வரை ஆயுள் விதித்து, முடிவில் எஞ்சும் பொருள்களுக்குப் பத்தில் ஒரு பங்கு வைத்துவிட்டு, மீதியை ஆண்டுக்கணக்கில் பகிர்ந்து கழித்துக்கொண்டே போவது வழக்கம். வானூர் எல்லையோரத்தில் 20 ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரர், தாம் போட்ட கிரானைட்டும் தேக்கு நிலையும் சேர்ந்துதான் தம் சொத்தைப் பல மடங்காக்கின என்று மனதார நம்புவதுண்டு; ஆனால் பக்கத்தில் புல் முளைத்துக் கிடக்கும் காலி மனையும் அதே விகிதத்தில் ஏறியிருப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே, சீரமைப்பு என்பதன் தொழில் தேய்மானத்தை ஈடுகட்டுவதும், வாங்குகிறவரின் மனத்தில் எழும் கழிவுகளைத் தடுப்பதுமேயன்றி, நிலம் தருகிற லாபத்தோடு போட்டியிடுவதன்று.

இந்தத் துறையில் பாண்டித்தியத்தோடு எழுதியவர்களில் ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் முக்கியமானவர். வீடு போன்ற ஒரு பண்டம் உண்மையில் பல குணங்களின் கட்டு என்றும், அறைகளின் எண்ணிக்கை, இருப்பிடம், வயது, வசதி என்ற ஒவ்வொரு குணத்துக்கும் சந்தையில் மறைமுகமாக ஒரு விலை இருக்கிறதென்றும் அவர் 1974-இல் வெளியிட்ட கட்டுரை விளக்கிற்று. அதே நாட்டில் ‘ரீமாடலிங்’ என்ற வணிகப் பத்திரிகையின் பெயரில் ஆண்டுதோறும் வெளிவரும் செலவு-மதிப்புக் கணக்கு, 2024-இல் கார் கொட்டகையின் கதவை மாற்றியவருக்குச் செலவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு திரும்பியதாகவும், ஆடம்பரமாகச் சமையலறையை இடித்துக் கட்டியவருக்குச் செலவில் 38 சதவிகிதமே திரும்பியதாகவும் காட்டிற்று. அந்த எண்களை அப்படியே இறக்குமதி செய்வது அசட்டுத்தனம். நம் வீடுகளில் கார் கொட்டகைக்குக் கதவே கிடையாது. ஆயினும் அவற்றின் உள்ளே இருக்கும் நியாயம் கவனிக்கத் தக்கது: சிறிய செலவில், முதல் பார்வையிலேயே சந்தேகத்தைப் போக்குகிற வேலை திரும்பத் தருகிறது, பெரிய செலவில், உடைமையாளரின் சொந்த ருசியைப் பதிக்கிற வேலை தருவதில்லை.

நம் நாட்டில் இந்த நியாயத்தை இன்னும் கடுமையாக்குகிற ஒரு சங்கதி இருக்கிறது. அதுவே வாங்குகிறவர் பணம் புரட்டும் முறை. தமிழ்நாட்டில் இன்று கிரயப் பத்திரம் பதிவு செய்யும்போது முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்றத் தீர்வையுமாக 7 சதவிகிதமும், 2023 ஏப்ரலில் 4-லிருந்து 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணமுமாகச் சேர்த்து 9 சதவிகிதம் செலுத்த வேண்டியிருக்கிறது. 40 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பத்திரம் எழுதினால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அதற்கே போய்விடும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. எனவே அந்த 40 லட்சத்துக்கு வங்கி அதிகபட்சம் 32 லட்சமே கொடுக்கும். வாங்குகிறவர் 8 லட்சத்தையும் பதிவுச் செலவையும், ஆக 11 லட்சத்து 60 ஆயிரத்தை, நகையை வைத்தோ உறவினரிடம் கேட்டோ ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். இப்போது விற்கிறவர் ஃபால்ஸ் சீலிங்குக்கும் சுவர்க்காகிதத்துக்கும் சேர்த்து 3 லட்சம் கூடுதலாகக் கேட்டால், வங்கியின் மதிப்பீட்டாளர் கண்ணில் அவை சதுர அடிக் கணக்குக்குள் அடங்கிப்போவதால், அந்த 3 லட்சம் முழுவதும் வாங்குகிறவரின் ரொக்கத்திலிருந்தே வரவேண்டியதாகிறது. அழகைப் பாராட்டிவிட்டுப் போனவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று விற்கிறவர்கள் ஆச்சரியப்படுவதற்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. வங்கி ஒப்புக்கொள்ளும் மதிப்பை உயர்த்துகிற வேலை எது, வாங்குகிறவரின் கைப்பணத்தைக் கேட்கிற வேலை எது என்று பிரித்துப் பார்ப்பதே இவ்விஷயத்தில் விவேகத்தின் ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப் பிரித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் முதலாவதாக நிற்கும் சீரமைப்பு கொத்தனாரைக் கொண்டு செய்கிற வேலையே அன்று. அது பத்திரங்களைச் செப்பனிடுவது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் பிறப்பித்த உத்தரவும், அதன் பின்விளைவாக 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு வகுத்த விதிகளும், புதுச்சேரி எல்லையோர ஊர்களைப்போல் விவசாய நிலங்கள் வேகவேகமாக மனைகளாக மாறிய பிரதேசங்களில் சொத்து விலையையே இரண்டு ஜாதியாகப் பிரித்துவிட்டன. ஒரே தெருவில், ஒரே விஸ்தீரணத்தில், வரன்முறை உத்தரவு பெற்ற மனையும் பெறாத மனையும் அருகருகே இருந்தால், முதலாவதுக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது; இரண்டாவதுக்கு ரொக்கக்காரர் ஒருவரே வர முடிகிறது; ரொக்கக்காரர் எப்போதும் விலை குறைத்தே கேட்பார். வரன்முறைக் கட்டணத்தையும் அலைச்சலையும் பொறுத்துக்கொண்டு அந்த உத்தரவை வாங்கி வைத்தவர், எந்த டைல்ஸும் தரமுடியாத லாபத்தை அடைகிறார்.

இதோடு சேர்ந்தவை இன்னும் சில. தகப்பனார் பேரிலேயே கிடக்கும் பட்டாவைத் தம் பேருக்கு மாற்றுவது, கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவது, சகோதரிகளின் பாத்தியதையை விடுதலைப் பத்திரத்தாலோ பாகப்பிரிவினையாலோ முறைப்படி தீர்த்துக்கொள்வது, வீட்டு வரியும் மின் இணைப்பும் ஒரே பேரில் இருக்கச் செய்வது, அளவை வரைபடத்துக்கும் மதில் சுவருக்கும் உள்ள வித்தியாசத்தை நில அளவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது ஆகிய இவையெல்லாம் சில ஆயிரங்களில் முடிகிற காரியங்கள். வில்லங்கச் சான்றில் தீர்ந்துபோன அடமானம் ஒன்று தீராததுபோல் நின்றுகொண்டிருந்தால், வாங்குகிறவரின் வக்கீல் அதைப் பார்த்த அன்றே பேரம் முறிந்துவிடும். மாடி கட்டியவர்கள் அதற்குத் திட்ட அனுமதி பெற்றிருந்தாலன்றி அந்த மாடி மதிப்பீட்டில் முழுமையாக ஏறாது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுய சான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் அரசு வழிசெய்த பிறகு, இனி கட்டுகிறவர்கள் அனுமதியின்றிக் கட்டுவதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது தண்ணீர். இந்த வட்டத்தின் அடியில் கிடக்கும் நீர்தாங்கிப் பாறைகளில் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் வானூர் மணற்கல் என்றே பேரிட்டிருக்கிறார்கள். அவ்வளவு கீர்த்தி பெற்ற நிலத்தடி நீர், பல ஆண்டுகளாக மோட்டார்களால் உறிஞ்சப்பட்டு மட்டம் இறங்கியிருப்பதோடு, கடலோரத்திலும், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி உவர்நீர்ப் பரப்பை ஒட்டியும் உப்பேறும் அபாயத்தில் இருக்கிறது. ஆகவே வாங்க வருகிறவர் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார்க்கிறார், அது நியாயமே. போர்வெல்லின் ஆழம், மோட்டாரின் வயது, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற விவரங்களோடு, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் எடுத்த நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக் காட்டக் கூடிய உடைமையாளர் இந்தப் பிரதேசத்தில் அபூர்வம். அந்த அபூர்வத்துக்கு விலை உண்டு. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டபோதிலும், பல வீடுகளில் அது பேருக்கு ஒரு குழாயும் மூடிப்போன ஒரு குழியுமாகவே இருக்கிறது. அந்தக் குழியைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் புதிதாக இட்டு, மாடித் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கும்படி செய்வதற்கு ஆகும் செலவு, வரவேற்பறையில் ஒரு சுவருக்கு மட்டும் அலங்காரக் கல் பதிப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

தண்ணீர் வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். வேண்டாத இடத்தில் இருக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த கூரைகள் என்னவாயின என்பதை இந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகராமல் நின்றபோது, அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. அதற்குப் பின் வீடு பார்க்க வருகிறவர், ஏரிப் பக்கமாகவோ தாழ்ந்த வயலைத் தூர்த்தோ போட்ட மனைப்பிரிவுகளில், அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்கிறவரைக் கேட்பதோடு நில்லாமல், எதிர்வீட்டுக்காரரையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். தெருமட்டத்துக்கு மேல் கடைக்கால் உயர்ந்திருக்கும் வீடு இதில் பாக்கியம் பெற்றது. கட்டி முடித்த வீட்டின் மட்டத்தை உயர்த்துவது பெருஞ்செலவு; அதை விற்பனையின் பொருட்டுச் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் வாசற்படிக்கு முன் ஒரு தடுப்புத் திண்டு, வீட்டைச் சுற்றிச் சரிவோடு கூடிய சிமெண்டுத் தளம், தண்ணீர் தெருக் கால்வாய்க்கு ஓட வழி என்ற இம்மூன்றும் மிதமான செலவில் ஆகக்கூடியவை.

மேல்தளத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், மற்ற எல்லா வேலைகளையும்விட அதிகமாகப் பணத்தைக் காப்பாற்றுவதும், அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. கூரையில் நீர்க் கசிவு இருந்து கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்தால், கம்பி பருத்து, அடிக் கான்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். உட்புறக் கூரையில் ஒரு முழம் அளவுக்குப் பழுப்புக் கறை தெரிந்தால் போதும். வந்தவர் அந்தக் கறையைச் சரிசெய்ய ஆகும் தொகையைக் கழிப்பதில்லை, கட்டடம் முழுவதையுமே சந்தேகித்து லட்சக்கணக்கில் கழிக்கிறார். நம் முன்னோர் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்த முறை, வெயிலையும் மழையையும் ஒருசேரத் தாங்கிற்று. அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்று குறைந்துவிட்டன. இக்காலத்து நீர்த்தடுப்புப் பூச்சுகளும் வெப்பத்தடுப்பு ஓடுகளும் அதற்கு ஈடாக அமையக்கூடியவைதாம்; ஆனால் தண்ணீர் ஓடும் சரிவைச் சரிசெய்யாமலும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை வளைத்துப் பூசாமலும் பூச்சை மட்டும் அடித்தால், அது ஓர் ஐப்பசிக்குமேல் தாங்காது. கறையை மறைக்க வண்ணம் பூசுவதோ நேர்மைக்கும் விரோதம், ஆதாயத்துக்கும் விரோதம். அடுத்த மழையில் அது வாங்கினவரின் கண்முன்னே திரும்பி வந்துவிடும்.

சமையலறை, குளியலறை விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லலாம். கடப்பைக் கல் மேடையும் கரிபிடித்த சுவரும் உள்ள சமையலறைக்கு நல்ல டைல்ஸ், புகைபோக்கி, போதிய வெளிச்சம் செய்து கொடுத்தால் பணம் பெரும்பாலும் திரும்பும். பல லட்சங்களில் மாடுலர் கிச்சன் போட்டால் திரும்பாது, ஏனெனில் வருகிறவரின் மனைவிக்கு வேறு நிறம் பிடித்திருக்கும். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இல்லாத பழைய வீட்டுக்கு ஒன்று சேர்ப்பது நிச்சயமாக விலையை உயர்த்தும்; இரண்டு இருக்கும் வீட்டுக்கு மூன்றாவது சேர்ப்பது உயர்த்தாது. வாசல் திசையை வாஸ்துவுக்காக மாற்ற எண்ணுகிறவர்கள், வாங்குகிறவர்களில் பலர் அதைக் கேட்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டபோதிலும், சுவரை இடிக்கும் செலவு அதில் மீளுமா என்று நிதானிப்பது சிலாக்கியம்.

எல்லையோர ஊர்களில் தனித்த மதிப்புடைய ஒரு வேலை உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருப்பதால், அதன் ஊழியர்களும் மாணவர்களும் பட்டானூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுவது நெடுநாளைய வழக்கம். அங்கே கீழ்வீட்டைத் தொடாமல் வெளிப்புறத்திலிருந்தே ஏறக்கூடிய படிக்கட்டும், தனி மின்மீட்டரும், தனித் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து மாடியைத் தனிக் குடித்தனமாக்கிய வீடு, மாதந்தோறும் வரும் வாடகையாலேயே தன் விலையை நிரூபித்துக்கொள்கிறது. வாங்குகிறவர் தம் கடன் தவணையில் ஒரு பகுதியை அந்த வாடகை ஏற்றுக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறார்; அந்தக் கணக்கு சரியானதே.

ஆரோவில்லைச் சூழ்ந்த ஊர்களில் நியாயமே வேறு. 1989-இல் அங்கே நிறுவப்பட்டு இன்று மண் நிறுவனம் என்று வழங்குவது, செம்மண்ணில் ஏறக்குறைய 5 சதவிகிதம் சிமெண்டு கலந்து, சுடாமல், எந்திரத்தால் அழுத்திச் செய்யும் கட்டிகளைப் பரவலாக்கிற்று. அக்கட்டிகளால் எழுந்த பார்வையாளர் மையம் 1992-இல் ஹசன் ஃபாத்தி விருதையும் பெற்றது. அந்த அழகை நாடி வருகிறவருக்கு, பூசாத செம்மண் சுவரும், ஓட்டுச் சார்ப்பும், முற்றமும், முந்திரி மர நிழலும்தான் வேண்டும். பளிங்குபோல் மின்னும் தரை வேண்டியதில்லை. அங்கே பழைய வீடு வைத்திருப்பவர் நிழல் தரும் மரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்வது, தம் விலையைத் தாமே வெட்டுவதாகும். இதற்கு அருகிலேயே ஒரு சான்றும் உண்டு: புதுச்சேரி வைசியாள் வீதியில் தமிழ்ப் பாணி வீடுகளின் தெருமுகப்புகளைத் திண்ணையோடும் தாழ்வாரத்தோடும் புதுப்பித்த முயற்சிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது, பழமையைக் காப்பது பண்பாட்டுக்கு மட்டுமன்றிப் பணத்துக்கும் ஏற்றது என்பதை அதன் பிறகு அந்த நகரத்தில் பலர் உணர்ந்தனர். ஆயினும் இதை எல்லா ஊருக்கும் பொதுவிதியாக்கக் கூடாது. செட்டிநாட்டில் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு எழுப்பிய மாளிகைகளில் எத்தனையோ, முழு வீடாக வாங்க ஆளில்லாமல், தூணும் கதவுமாகப் பிரிந்து காரைக்குடிக் கடைகளில் விலைபோயின. நாடி வருகிறவர் இருக்கும் இடத்தில்தான் கலைக்கு விலை.

உட்கிராமங்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. நத்தத்தில் உள்ள வீட்டை விற்க நேர்வது பெரும்பாலும் கஷ்ட காலத்தில். வாங்குகிறவர் பங்காளியாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார். அவருக்கு வேண்டியது இடமேயன்றி வீடு அன்று. குடிசைகளை ஒழிக்கும் நோக்கத்தோடு 2024-இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் வழங்கப்படுகிறது. அத்தகைய வீட்டோடு மேலும் ஓர் அறை சேர்க்கிறவர்கள் தாம் வாழ்வதற்காகச் சேர்க்கட்டும், அது முற்றிலும் நியாயம். விற்பனையை உத்தேசித்து அங்கே கடன் வாங்கிச் செலவு செய்வதை யாரும் தூண்டக் கூடாது. நத்தம் பட்டாவைச் சரிசெய்வதும், தெருப்பக்கம் வண்டி வர வழி விடுவதும் போதும்.

சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில், குறைவாக மின்சாரம் செலவழிக்கும் சிறு குடும்பம் அதற்காக அதிக விலை கொடுக்காது. குளிர்சாதனம் ஓடும் ஆரோவில் ஓரத்து விருந்தினர் வீடுகளில் கொடுக்கும்.

எந்த வேலையைச் செய்தாலும் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதை வலியுறுத்தியாக வேண்டும். இரண்டு ஆண்டுக்குமேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் நீண்டகால மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது, 2001 ஏப்ரலுக்குப் பின் செய்த அபிவிருத்திச் செலவைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாயின், பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தச் செலவை உயர்த்திக் கழித்து 20 சதவிகித வரி செலுத்துவதா, உயர்த்தாமல் 12.5 சதவிகிதம் செலுத்துவதா என்பதில் எது குறைவோ அதைத் தேர்ந்துகொள்ளவும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு உரிமை உண்டு. வண்ணம் பூசுவது போன்ற சாதாரணப் பராமரிப்பு இதில் சேராது. புது அறை, புதுத் தளம், போர்வெல் போன்றவை சேரும். கொத்தனாருக்குக் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்காமல் விட்ட பணத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

கடைசியாகக் காலம். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் கிரயம் செய்யத் தயங்குகிறார்கள். தை முதல் சுபமுகூர்த்த நாள்களில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் நெரிகிறது. ஆகவே மேல்தள வேலையைச் சித்திரை வைகாசியின் நல்ல வெயிலில் தொடங்கி ஆவணிக்குள் முடித்து, வெளிப்புறச் சுவருக்கு வண்ணம் அடிப்பதை மட்டும் ஒத்திப்போட்டு, ஐப்பசி கார்த்திகையின் அடைமழை முழுவதையும் அந்தத் தளத்தின்மேல் பெய்யவிட்டு, ஒழுகும் இடம் தெரிந்தால் அதே கொத்தனாரை அழைத்துச் சரிசெய்துகொண்டு, மார்கழியில் வண்ணமும் தோட்ட வேலையும் முடித்துத் தையில் வீட்டைக் காட்டத் தொடங்குவது உத்தமம். தரகரிடம் விலை சொல்லும் நாளில், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி வரைபடம், நீர்ப் பரிசோதனை அறிக்கை, வரி ரசீது, வேலைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்கள் ஒரே கட்டாகக் கையில் இருக்க வேண்டும்.